நூறு நாள் தாண்டியாச்சு, அப்பாவைத் தேக்காவுக்கு அனுப்பலாமா?

உங்கள் அப்பாவுக்கு 56 வயது, ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய், சித்தப்பாவின் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்லை, ஏற்றி நான்கு மாதம் ஆகிறது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் நார்மல் என்று டாக்டர் சொல்கிறார். அதே டாக்டர் கூட்டத்துக்குப் போகக்கூடாது, மாஸ்க்கைக் கழற்றக்கூடாது என்றும் சொல்கிறார். "நூறு நாள் தாண்டியாச்சு, இனி என்ன" என்று அப்பா லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கும் தைப்பூசத்துக்கும் கிளம்பப் பார்க்கிறார். இரண்டு வாரமாக உள்ளங்கை அரிக்கிறது, ரசம் சாப்பிட்டால் வாய் எரிகிறது. அவருடைய உடம்பு சித்தப்பாவின் செல்லை ஒதுக்குகிறதோ என்று உங்களுக்குப் பயம். தஞ்சாவூர் அத்தை அனுப்பிய லேகியத்தைக் கொடுக்கலாமா என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒரே விஷயம்தான்: எண்ணிக்கை திரும்பிவிட்டால் எதிர்ப்புச் சக்தியும் திரும்பிவிட்டது என்று அர்த்தமா? அப்படி அர்த்தம் இல்லை. அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் டாக்டர் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ரத்தநோய் வார்டில் தாதியாக இருந்து, அப்புறம் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள். மருந்தின் அளவு பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். அரிப்பைப் படம் எடுத்து அனுப்பினாலும் அது என்னவென்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அரிப்பும் வாய் எரிச்சலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கிற விஷயங்கள் இல்லை. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அப்பாவின் மாற்று சிகிச்சைக் குழுவின் எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் முதலில் திரும்பும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது 500க்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் "செல் பிடித்துவிட்டது" என்று வார்டில் சொல்வோம். கொடையாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் இது நடந்துவிடும். நியூட்ரோஃபில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கண்ட இடத்தில் விழுங்கக்கூடியது. ஆனால் வைரஸை அடக்குவதும், ஒரு முறை வந்த கிருமியை நினைவில் வைத்திருப்பதும் லிம்போசைட்டுகளின் வேலை. டாக்டர் நார்மல் என்று சொன்ன தாளில் லிம்போசைட் எத்தனை என்று இருக்கும். அவற்றுக்கு வேலை தெரியுமா என்பது அந்தத் தாளில் இருக்காது. ராணுவப் பயிற்சிக்காகத் தேசிய சேவைக்குப் போன முதல் வாரத்துப் பையன்களை எண்ணினால் ஆள் கணக்கு சரியாக இருக்கும், பயிற்சி இன்னும் ஆரம்பித்திருக்காது. உங்கள் அப்பா இப்போது இருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

லிம்போசைட்டுகளும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. வைரஸ் தொற்றிய செல்லைக் கொல்லும் என்கே செல்கள் ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே வந்துவிடும். டி செல்களில் சிடி8 என்ற பிரிவு முந்திக்கொள்ளும், சிடி4 பிந்தும். மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுப்பது சிடி4 என்பதால் நாங்கள் அதிகம் பார்ப்பது அதைத்தான். ஆரோக்கியமான பெரியவருக்கு அது ஒரு மைக்ரோலிட்டரில் 500க்கு மேல் இருக்கும். மாற்று சிகிச்சைக்குப் பிறகு 200ஐத் தொடுவதற்கே பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகிறது. கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் பி செல்கள் இன்னும் மெதுவானவை. முழுமையாக வேலை செய்ய இரண்டு வருடம் கூட எடுக்கும். ஆன்டிபாடிகளிலும் ஐஜிஎம் முதலில் வரும், பிறகு ஐஜிஜி, கடைசியில் ஐஜிஏ. மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரமான உட்பரப்பைக் காப்பது அந்தக் கடைசி ஆள்தான். இவர்களுக்கு ஒரு சாதாரணச் சளி வந்தால் வாரக்கணக்கில் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. புதிய டி செல்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. 56 வயதில் அதில் பெரும்பகுதி கொழுப்பாக மாறியிருக்கும், போதாக்குறைக்குக் கீமோவும் அதை அடித்திருக்கும். ஒரே சிகிச்சை எடுத்த குழந்தை உங்கள் அப்பாவை விட வேகமாகத் தேறுவது இதனால்தான். அதனால் முதல் சில மாதங்களில் அவர் உடம்பில் இருக்கும் டி செல்களில் பெரும்பாலானவை சித்தப்பாவின் ரத்தத்தோடு ஏற்கெனவே முதிர்ந்த நிலையில் வந்து பெருகியவை. டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் மாத்திரை அடக்கி வைத்திருப்பதும் அதே செல்களைத்தான். ஆக அவருடைய எதிர்ப்புச் சக்தி பாதி வளரவில்லை, மீதியை நாமே மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறோம். அதை ஏன் அடக்க வேண்டும் என்பதில்தான் உங்கள் அரிப்புக் கேள்விக்கு விடை இருக்கிறது.

அப்பாவின் உடம்பு சித்தப்பாவின் செல்லை ஒதுக்கினால், அதுதான் நிராகரிப்பு. அப்போது ரத்த எண்ணிக்கை சரியும். அவருக்கு அது சரியவில்லை. எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதற்கு நேர் எதிரானது: சித்தப்பாவின் டி செல்கள் அப்பாவின் தோலையும் குடலையும் ஈரலையும் பார்த்து "இது நம்முடையது இல்லையே" என்று தாக்குவது. இதை ஜிவிஹெச்டி என்பார்கள், உங்கள் கோப்பில் அந்த எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். கடுமையான வகை தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று வரும். நாள்பட்ட வகை வேறு முகம் காட்டும்: வாய்க்குள் வெள்ளைக் கோடுகள், காரம் தாங்காத எரிச்சல், கண்ணில் மணல் விழுந்த மாதிரி வறட்சி, தோல் இறுகுவது, விரலையும் முழங்கையையும் முழுதாக நீட்ட முடியாமல் போவது. நுரையீரலிலும் வரலாம், அதுதான் மோசம், ஏனென்றால் மாடிப்படியில் மூச்சு வாங்குவதை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ஊதச் சொல்லும் அந்த மூச்சுப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இங்கே நம் ஆட்களுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விளக்கத் தாள்களில் "தோல் சிவக்கும்" என்று எழுதியிருக்கும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, சாம்பல் படிந்த மாதிரியோ, வெறுமனே இன்னும் கறுத்துப் போன மாதிரியோதான் தெரியும். "வெயிலில் கறுத்துட்டார்" என்று வீட்டில் விட்டுவிட்டு, தோல் உரிய ஆரம்பித்த பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல் ஆகிய இடங்களில் அரிப்பும் எரிச்சலும் நிறத்தை விட நம்பகமான அடையாளம். வெயிலே அதைத் தூண்டிவிடக்கூடும் என்பதால் முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் தேவை.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது ஜிவிஹெச்டிதான் என்று நான் சொல்லவில்லை. மருந்து ஒவ்வாமை, வாயில் பூஞ்சை, ஹெர்பீஸ் புண் எல்லாமே இதே மாதிரி தெரியலாம். டாக்டர் வாயைப் பார்ப்பார், தேவைப்பட்டால் தோலில் ஒரு சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார். ஜிவிஹெச்டியாகவே இருந்தாலும் லேசானதைக் களிம்பிலும் வாய் கொப்பளிக்கும் ஸ்டீராய்டு நீரிலும் அடக்கிவிடலாம். அதற்கு மேல் போனால் ஸ்டீராய்டு மாத்திரை, அதற்கும் கேட்காவிட்டால் ருக்சோலிட்டினிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஸ்டீராய்டு தோற்றுவிட்டால் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்புறம், லேசான ஜிவிஹெச்டியில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. தோலைத் தாக்கும் அதே செல்கள்தான் ஒளிந்திருக்கும் புற்றுநோய் செல்லையும் தேடிக் கொல்கின்றன. அதனால்தான் டாக்டர்கள் அடக்கும் மருந்தை அவசரமாகக் கூட்டவும் மாட்டார்கள், அவசரமாக நிறுத்தவும் மாட்டார்கள். இந்தத் தராசை வீட்டில் நாமாக அசைக்கக் கூடாது. ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தானாக விடக் கூடாது.

நூறு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஜிவிஹெச்டி நூறு நாளுக்குள் வந்தால் கடுமையானது, அதற்குப் பிறகு வந்தால் நாள்பட்டது என்று முன்பு பிரித்து வைத்திருந்தார்கள். இப்போது நாளை வைத்துப் பிரிப்பதில்லை, அறிகுறியை வைத்துத்தான். மருத்துவமனையில் நூறாவது நாளையொட்டி எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்து, நோய் இருக்கிறதா, ரத்தத்தில் எத்தனை சதவீதம் சித்தப்பாவுடையது என்று பார்ப்பார்கள். அப்பாவுக்கு அது தேர்வு முடிந்த நாளாகத் தெரிந்திருக்கிறது. கிருமிகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

முதல் மாதத்தில் பாக்டீரியாவும் கேண்டிடா பூஞ்சையும்தான் பெரிய ஆபத்து, அதைத் தாண்டிவிட்டார். இப்போதைய கட்டத்தில் முதலில் நிற்பது சிஎம்வி என்ற வைரஸ். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் பெரும்பாலான பெரியவர்களின் உடம்பில் அது சின்ன வயதிலேயே குடியேறித் தூங்கிக்கொண்டிருக்கும். டி செல் காவல் குறைந்தால் எழுந்து குடலையும் நுரையீரலையும் கெடுக்கும். முறை வைத்து ரத்தம் எடுத்து பிசிஆர் செய்வது அதை நோயாக மாறும் முன்பே பிடிக்கத்தான். நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றுக்குப் பேக்ட்ரிம் மாத்திரை. குறைந்தது ஆறு மாதம், அடக்கும் மருந்து தொடர்ந்தால் அதையும் தொடர வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுப்பார்கள். அம்மை வைரஸ் அக்கியாக வராமல் இருக்க ஏசைக்ளோவிர், வழக்கமாக ஒரு வருடத்துக்குக் குறையாமல். மாத்திரை அதிகமாக இருக்கிறது என்று அப்பா சலித்துக்கொள்ளும்போது, ஒவ்வொன்றும் எந்தக் காவலாளிக்குப் பதிலாக நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சிலர் அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பின்னணியில் இருந்து வரும் மூன்றையும் டாக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய காசநோய், ஹெபடைடிஸ் பி, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு. முதல் இரண்டையும் மாற்று சிகிச்சைக்கு முன்பே பார்த்திருப்பார்கள். மூன்றாவது, சின்ன வயதில் வயலில் வெறுங்காலோடு நடந்தவர்களின் குடலில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் பெருகி உடம்பெல்லாம் பரவும், உயிருக்கே ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், ஐவர்மெக்டின் மாத்திரையில் போய்விடும். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர் என்பதை அவர்களாகக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இனி தேக்கா. இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. கை கழுவுவது, இருமுகிறவர்களிடமிருந்து விலகி நிற்பது, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ எதையும் சாப்பிடாமல் இருப்பது, இவற்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கோப்பிக்கடையில் காயா ரொட்டியோடு வரும் அரை வேக்காட்டு முட்டை வேண்டாம். பச்சை மீன் வேண்டவே வேண்டாம். 2015-ல் இங்கே நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களுக்கே பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து, உணவுக்கடைகளில் அதை விற்கத் தடை போட்டார்கள். பழைய சோறும், வெளியில் பல மணி நேரம் கிடந்த தேங்காய்ச் சட்னியும் அதே வரிசைதான். இட்லி, தோசை மாவு புளித்தது என்று பயப்பட வேண்டாம், வேகும்போது சரியாகிவிடும். ஆனால் "எல்லா உணவையும் கிருமியில்லாமல் ஆக்கு" என்ற பழைய கடுமையான பத்தியம் உண்மையில் தொற்றைக் குறைக்கிறதா என்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2023-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், வெள்ளணு மிகக் குறைந்திருந்த நாட்களில்கூட, கழுவிய பழம், காய்கறி சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான தொற்று கூடவில்லை. அதனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை தாள் மாறும். உங்கள் குழு தந்த தாளையே பின்பற்றுங்கள். இணையத்தில் இன்னும் கடுமையானதைத் தேடி எடுத்து அப்பாவைப் பட்டினி போடாதீர்கள். எடை குறைவது இந்தக் கட்டத்தில் நிஜமான ஆபத்து.

அதனால் என் கருத்து: டாக்டர் சம்மதித்தால், வார நாளில் கூட்டமில்லாத நேரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு தேக்காவில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம். ஈரச்சந்தைப் பக்கம் வேண்டாம். மீனும் கோழியும் வாங்குவது உங்கள் வேலை. கோவிலும் அப்படித்தான், திருநீறு நெற்றியில் இட்டுக்கொள்ளலாம், தீர்த்தம் குடிக்க வேண்டாம். தைப்பூசத்துக்கு இந்த வருடம் வேண்டாம். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை அந்த நெரிசலில் யார் இருமுகிறார் என்று பார்த்து விலக முடியாது. வீட்டு வாசல் பூந்தொட்டியில் மண்ணைக் கிளறுவதும் இப்போதைக்கு நிற்கட்டும். இந்த ஊர் மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றைத் தரும் கிருமி இருக்கிறது, பெரிய மழைக்குப் பிறகு இன்னும் கவனம். உங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் யாராவது சுவரை இடித்துப் புதுப்பித்தால் ஜன்னலைச் சாத்துங்கள். அந்தத் தூசியில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வரும். புகைமூட்டம் வந்தால் வெளியே போகவே வேண்டாம்.

லேகியம் வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அத்தையின் அன்பைக் குறை சொல்லவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்கிறார்களே, உண்மையிலேயே கூட்டினால் கூடப்போவது நாம் அடக்கி வைத்திருக்கும் சித்தப்பாவின் டி செல்கள்தான். கூட்டாவிட்டாலும் சிக்கல் உண்டு. டாக்ரோலிமஸ் ஈரலில் உடைபடும் வழியைப் பல மூலிகைகள் மாற்றக்கூடும். மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் கெடும், இறங்கினால் ஜிவிஹெச்டி கிளம்பும். கிரேப்ஃப்ரூட் இதைச் செய்யும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். அதே குடும்பத்துப் பம்பளிமாஸையும் சீனப் புத்தாண்டு நேரத்தில் தள்ளி வையுங்கள். சமையலில் போடும் மஞ்சள், மிளகு, சீரகம் பிரச்சினை இல்லை. மஞ்சள் காப்ஸ்யூல் வேறு, அது வேண்டாம்.

அப்பா சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். நிமோகாக்கஸ் தடுப்பூசி வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பிக்கும். ஃப்ளூ, தொண்டை அடைப்பான், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி எல்லாம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வரிசையாக வரும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு வருடத்துக்கு முன் கூடாது, அப்போதும் அடக்கும் மருந்து நின்று, ஜிவிஹெச்டி இல்லாமல் இருந்தால்தான். உங்கள் வீட்டில் எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் உடம்பு தன் ஊசிக்கே சரியாகப் பதில் சொல்லாத இந்தக் காலத்தில் உங்கள் ஊசிதான் அவருக்கு வேலி.

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், நடு இரவானாலும், முதலில் பனடால் (பாராசிட்டமால்) கொடுக்காதீர்கள். குழுவின் எண்ணை அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குப் போய் வரவேற்பிலேயே "ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை ஆனவர்" என்று சொல்லுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலே வராமல் தொற்று முற்றலாம், அதனால் நடுக்கம், குழப்பம், மூச்சுத் திணறல் இருந்தால் தெர்மாமீட்டரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியில் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள், அப்பா ஓ வகை, சித்தப்பா பி வகை, ரத்த வகை மாறுமா என்று. மாறும். புதிய மஜ்ஜை சித்தப்பாவுடையது என்பதால் சில மாதங்களில் அப்பாவின் சிவப்பணுக்கள் பி வகையாகிவிடும். நடுவில் பழைய ஆன்டிபாடிகள் கொஞ்ச காலம் தங்கியிருக்கும், ஆகவே ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் எந்த வகை என்பதை ரத்த வங்கிதான் முடிவு செய்யும். அதுவும் கதிர்வீச்சு செய்த ரத்தமாக இருக்க வேண்டும். அவர் பர்ஸில் பழைய ரத்த வகை அட்டை இருந்தால் எடுத்துவிட்டு, மாற்று சிகிச்சை நடந்த தேதி, கொடையாளியின் ரத்த வகை, குழுவின் தொலைபேசி எண் மூன்றும் இருக்கிற கடிதம் ஒன்றை வாங்கி அங்கே வையுங்கள்.